முக்கால் பைந்து ஒயில்

கொழும்பு 13
12.1.1972

அத்தானுக்கு,

நேற்றுச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என் காரின் பின் அச்சைத் திறந்தார்கள். டிபரென்சலுக்குள், அதாவது பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, நீங்கள் பின்பெட்டி என்று சொல்கிற அந்தப் பற்சக்கரப் பெட்டிக்குள், இருந்த ஒயில் முக்கால் பைந்து, அரை லீற்றருக்கும் குறைவு. இருந்திருக்க வேண்டியது ஒன்றே முக்கால் பைந்து. அளந்தவர் கராஜின் தலைமை மெக்கானிக் ஏரம்பு. அளவுக் குவளையை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஒயில் எங்கேயும் கசியவில்லை. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த மன்னார் மணலை ஏரம்பு விரலால் தட்டினார். காய்ந்த மணலாகவே உதிர்ந்தது. ஒயில் கசிந்திருந்தால் அது கறுத்துக் களியாகியிருக்கும் என்றார்.

நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை, தோட்டவெளியில் உங்கள் வளவில், பின்பெட்டியின் பழைய ஒயிலை எடுத்துப் புதியதை ஊற்றியவர் நீங்கள். ஜனவரி 3 திங்கட்கிழமை காலை நான் புறப்பட்டேன். மதவாச்சியில் பின்பக்கம் ஊளையிடத் தொடங்கியது. அனுராதபுரம் தாண்டி ஒன்பதாவது மைலில் பின்சக்கரங்கள் இறுகின. கார் சுழன்று மதகுக் கட்டில் மோதியது. என் இடது காறை எலும்பு முறிந்தது. எனக்குச் சிறு காயம்தான், கார் ஓடும் என்று அக்காவுக்குத் தந்தியில் சொன்னது சரியல்ல. என் கை இன்னும் கட்டில், கார் இன்னும் கராஜில்.

எனக்கு இரண்டு விடை வேண்டும். எவ்வளவு ஊற்றினீர்கள்? நான் வாங்கித் தந்த இரண்டு பைந்து தகரத்தில் மிச்சம் என்ன ஆனது?

குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய்யாகும்.

கிறகரி

---

தோட்டவெளி
17.1.1972

கிறகரிக்கு,

உம்முடைய கடிதம் சனிக்கிழமை வந்தது. றஞ்சிதம் பிரித்து வாசித்துவிட்டு என் மடியில் போட்டாள். உம்முடைய அக்கா இரண்டு நாளாக எனக்கு வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதற்கும் நன்றி.

எவ்வளவு ஊற்றினேன் என்று கேட்கிறீர். துளையால் வழியும் மட்டும் ஊற்றினேன். வழிந்தது என் கையில் பட்டு, முழங்கையால் இறங்கி, பெனியனில் ஊறியது. அந்தப் பெனியன் இன்னும் கொடியில் கிடக்கிறது. வேண்டுமானால் உம்முடைய ஏரம்புவுக்குப் பார்சலில் அனுப்புகிறேன், பிழிந்து அளக்கட்டும். எருக்கலம்பிட்டி சாஹுல் ஹமீட் நானா பக்கத்தில் நின்றவர். அவரும் கண்டவர்.

வேலையைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளும். மணலில் காரைத் தூக்குகிற ஜக் நிற்காது, புதையும். அதனால் பின்பக்கத்தைத் தூக்கவில்லை, நிலத்தைத் தோண்டினேன். பின்பக்கம் இரண்டரை அடிக் குழி, நான் மல்லாந்து கிடக்க இடம். சக்கரம் சரியாமல் இரண்டு பக்கமும் பலகை. முன்சக்கரங்களின் கீழே படகு உருட்டுகிற பனங்குற்றி மூன்று. வள்ளத்தில் தண்ணீர் இறைக்கும்போது அணியத்தை, அதாவது முன்தலையை, உயர்த்தினால்தான் கடைசிச் சொட்டும் பின்னால் வரும். அதைப்போலத்தான். முதலில் ஒயில் ஊற்றுகிற துளையின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன், பிறகுதான் வடிக்கிற அடிமூடி. மேல்மூடி இறுகிக் கிடந்தால் ஊற்ற வழியில்லாமல் போகும் என்று எனக்குத் தெரியும். பழைய ஒயில் கரிச்சட்டி நிறத்தில் வந்தது. ஒரு மணித்தியாலம் வடியவிட்டேன். அவ்வளவு நேரமும் நீர் வேம்பின் கீழ்க் கதிரையில் இருந்து புத்தகம் வாசித்தீர். ஒரு ஸ்பானர் எடுத்துத் தரவில்லை.

மிச்ச ஒயில் எங்கே என்று கேட்டீரே, அதுதான் என்னைச் சுட்டது. நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறீர். தகரம் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. பாதிக்கு மேல் இருக்கிறது. ஒரு சொட்டு எடுக்கவில்லை.

நான் ஒன்று கேட்கிறேன். மதவாச்சியில் ஊளை கேட்டதும் ஏன் நிற்பாட்டவில்லை? எங்கள் ஊரில் எஞ்சின் சத்தம் மாறினால் எவனும் கடலுக்குள் போகமாட்டான்.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் எஞ்சின் பட்டறைக்கு மேற்பார்வையாளர் எடுக்கிறார்கள். நான் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கார்த்திகையிலேயே உம்முடைய பெயரைச் சாட்சிக்குக் கொடுத்தேன், அப்போது நாங்கள் நல்ல முகத்தோடு இருந்தோம். தலைவர் பாலசிங்கம் ஐயா உமக்கு எழுதுவார். இருபத்திரண்டு போட் எஞ்சின், மாதச் சம்பளம், நிழலில் வேலை. கிடைக்காவிட்டால் பங்குனியில் நான் மறுபடி கடலுக்கு, நாற்பத்தாறு வயதில். நல்லது எழுதும் என்று கேட்கவில்லை. இதை அதில் கலக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

எமிலியானுஸ்

---

கொழும்பு 13
24.1.1972

அத்தானுக்கு,

பாலசிங்கம் ஐயாவின் கடிதம் 20ஆம் திகதி கிடைத்தது. அன்றே பதில் போட்டேன். ஒளிக்க விருப்பமில்லை, அதனால் பிரதி எழுதுகிறேன்:

“திரு. எமிலியானுஸ் படகு எஞ்சின் வேலையில் இருபது வருட அனுபவம் உள்ளவர். நேரம் தவறாதவர், குடிப்பதில்லை. எனினும் 31.12.71 அன்று என் காரின் டிபரென்சலுக்கு ஒயில் மாற்றியபோது, தேவையானதில் பாதிக்கும் குறைவாகவே ஊற்றினார். அதன் விளைவாக விபத்து நேர்ந்தது. கேட்டபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை.”

இதில் உறுதிப்படுத்தாத ஒரு சொல் இல்லை. நீதிமன்றச் செய்தி எழுதிப் பதினெட்டு வருடம். யாருக்காகவும் ஒன்றைச் சேர்த்ததும் இல்லை, மறைத்ததும் இல்லை. என் பெயரைச் சாட்சிக்குக் கொடுத்தால் நான் சாட்சி சொல்வேன். பரிந்து பேச வேறு ஆள் பார்த்திருக்கலாம்.

இனி உங்கள் கடிதம். தகரம் இரண்டு பைந்து. பெட்டி ஒன்றே முக்கால் கொள்ளும். தகரத்தில் கால் பைந்துதான் மிஞ்ச வேண்டும். பாதிக்கு மேல் இருக்கிறது என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்டதாக நான் ஒருபோதும் நினைக்கவில்லை. குறைவாக ஊற்றினீர்கள் என்றுதான் சொன்னேன். அதற்கு உங்களைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்காது.

ஊளை கேட்டும் ஓட்டினேன் என்பது உண்மை. மறுநாள் ஒரு வழக்குத் தீர்ப்பு இருந்தது. அந்தப் பிழை என்னுடையது, அதை ஏற்கிறேன். நீங்களும் உங்களுடையதை ஏற்றால் முடிந்தது.

பத்து வருடமாக ‘நீ’ என்று கூப்பிட்டவர் இப்போது ‘நீர்’ என்று எழுதுவதைக் கவனித்தேன்.

கிறகரி

---

தோட்டவெளி
31.1.1972

கிறகரிக்கு,

கவனித்தது நல்லது. இன்னும் கவனியும்.

வெள்ளிக்கிழமை பாலசிங்கம் ஐயா சங்கக் கந்தோருக்குக் கூப்பிட்டார். வேலைக் கடிதம் தரப்போகிறார் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். உள்ளே நாலு பேர் இருந்தார்கள். உம்முடைய கடிதத்தை நாலு பேருக்கும் கேட்கப் பெலத்து வாசித்தார். ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன எமிலியானுஸ், ஒரு காருக்கு ஒயில் மாத்தத் தெரியாத ஆளிட்ட இருபத்திரண்டு போட் எஞ்சினை எப்பிடி விடுறது எண்டு கமிற்றி கேட்டால் நான் என்ன சொல்ல?”

“வழியும் மட்டும் ஊத்தினனான் ஐயா.”

“அப்ப உங்கட மச்சான் பொய் சொல்லுறாரோ?”

நான் என்ன சொல்ல? உம்மைப் பொய்யன் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உமக்கு என்னைப் பற்றி அப்படி எழுதக் கை வந்தது.

முடிவை அடுத்த மாதம் 20ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பூசை முடிந்து பத்தரைக்கு. அதுவரை வேலை யாருக்கும் இல்லை. றஞ்சிதத்துக்குச் சொன்னேன். அடுப்படியில் நின்று சொன்னாள்: “அவனுக்கு எலும்பு முறிஞ்சதெண்டு நான் மூண்டு நாள் அழுதனான். இப்ப அழுததுக்குக் கவலையாக் கிடக்கு.” இதை உமக்கு எழுதச் சொன்னதும் அவள்தான்.

தகரக் கணக்கை எனக்குப் படிப்பிக்க வேண்டாம். மிச்சம் கூட இருந்ததை நானும் கண்டேன். ஆனால் துளை வழிந்த பிறகு எங்கே ஊற்றுவது, உம்முடைய பெற்றோல் தாங்கிக்குள்ளேயா? எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. காரின் புத்தகம் உம்முடைய கையில் இருந்தது. நான் குழிக்குள் இருந்து, “கிறகரி, எவ்வளவு ஊத்த வேணும் எண்டு போட்டிருக்கு?” என்று கேட்டேன். நீர் கதிரையில் இருந்தபடி, “அளவு பாக்கத் தேவையில்லை அத்தான், துளையால் வழியும் மட்டும் ஊத்தச் சொல்லிக் கிடக்கு” என்றீர். உம்முடைய சொல் அதே. ஹமீட் நானாவும் கேட்டவர். சொன்னபடி செய்தவன் கள்ளன், கதிரையில் இருந்தவர் சாட்சி.

அந்தக் கடிதத்தைத் திருப்பி எடும்.

எமிலியானுஸ்

---

கொழும்பு 13
4.2.1972

அத்தானுக்கு,

கடிதத்தைத் திருப்பி எடுக்கமாட்டேன். அளவு மாறவில்லை, எலும்பும் பொருந்தவில்லை.

புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. அந்தப் புத்தகம் காரின் முன்னிருக்கைக்கு எதிரே உள்ள கையுறைப் பெட்டிக்குள், கராஜில் கிடக்கிறது. உங்களுக்காக அதைத் தேடிப் போக எனக்கு ஒரு கைதான் இருக்கிறது.

நாலு பேருக்கு முன்னால் வாசித்தது பற்றி: அதை நான் செய்யச் சொல்லவில்லை. ஆனாலும் அது சரியான முறை அல்ல. அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

அக்கா சொன்னதை வாசித்தேன்.

கிறகரி

---

தோட்டவெளி
11.2.1972

கிறகரிக்கு,

உம்முடைய கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு காரியம் நடந்துவிட்டது, அதை எழுதாமல் விட்டால் நான் நித்திரை கொள்ள ஏலாது.

தகரம் என்னைத் தின்றுகொண்டே இருந்தது. வழிந்ததும் உண்மை, மிஞ்சினதும் உண்மை. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க ஏலாது. புதன்கிழமை ஹமீட் நானாவிடம் போய் அவருடைய பழைய வாடகைக் காரைக் கேட்டேன். உம்முடையதைப் போலவே பின்பெட்டியின் பின்முகத்தில் ஊற்றுகிற துளை உள்ள கார். அவருடைய கருவாட்டுக் கிட்டங்கியில் சீமெந்துத் தளம், தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாது.

“என்ர காரையும் மதகில கொண்டுபோய் மோதவோ எமிலி?” என்றார்.

“சும்மா இருங்கோ நானா, வயித்தெரிச்சலைக் கிளப்பாமல்.”

அதே பனங்குற்றி மூன்றையும் கொண்டு போனேன். முன்சக்கரத்தை ஏற்றி, வடியவிட்டு, மூடிப் போட்டு, பைந்துப் போத்தலால் அளந்து ஊற்றினேன். முக்கால் பைந்துக்குக் கொஞ்சம் கூடப் போனதும் வழிந்தது. அன்றைக்கு என் கையில் வழிந்தது போலவே. பிறகு குற்றியை உருட்டி எடுத்து, காரைத் தளத்தில் சமமாக விட்டு, துளையைத் திறந்து விரலை விட்டேன். விரலுக்கு ஒயில் எட்டவில்லை. மறுபடி ஊற்றினேன். பெட்டி இன்னும் ஒரு பைந்து குடித்த பிறகுதான் வழிந்தது.

அதுதான் காரியம். முன்தலை உயர்ந்து நின்றால் ஒயில் எல்லாம் பின்னுக்குச் சாய்ந்து துளையடியில் நிற்கும். நிறைந்தது போல் வழியும். கார் சமமாக நின்றதும் முன்னுக்குப் போய்விடும், பெட்டி அரைவாசி வெறுமையாக இருக்கும். வள்ளத்தை இறைக்கும்போது நாங்கள் ஒருபோதும் திருப்பி நிரப்புவதில்லை. அதனால் எனக்கு அது தோன்றவில்லை. வடியவிட்டது சரி. குற்றியை எடுக்காமல் ஊற்றினது பிழை. பிழை என்னுடையது.

வியாழக்கிழமை பாலசிங்கம் ஐயாவிடம் நானே போனேன். வெள்ளை வேட்டி கட்டவில்லை.

“மச்சான் எழுதினது சரி ஐயா. ஒயில் குறையத்தான் ஊத்தினனான்.”

“அப்ப முந்தி ஏன் மறுத்தனீர்?”

“அப்ப தெரியாது. இப்ப தெரியும்.”

“இதை நான் கமிற்றியில சொல்லத்தான் வேணும். சொன்னால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?”

“தெரியும்.”

அவர் அதை எழுதிக்கொண்டார். வேலை இனி இல்லை என்றுதான் நினைக்கிறேன். றஞ்சிதம் வலைப்பெட்டியை வெளியே எடுத்து வெயிலில் வைத்துவிட்டாள்.

உம்முடைய எலும்பு முறிந்தது என்னால். அதை எழுத்தில் தருகிறேன். உம்முடைய கடிதத்தை நான் மன்னிக்கவில்லை, அதையும் எழுத்தில் தருகிறேன். பாலசிங்கம் ஐயாவுக்கு எழுதுமுன் என்னிடம் இன்னொருமுறை கேட்டிருக்கலாம். ஒரு கிழமை பொறுத்திருந்தால் நானே கண்டுபிடித்துச் சொல்லியிருப்பேன்.

இன்னும் ஒன்று. புதன்கிழமை கிட்டங்கியிலிருந்து திரும்பி வரும்போது ஹமீட் நானா கேட்டார்: “இங்கிலீசுக்காரன் இவ்வளவு பெரிய புத்தகம் போட்டவன், கார் சமமா நிக்க வேணும் எண்டு ஒரு வரி எழுதாமலோ விட்டவன்? உங்கட மச்சான் முழுசா வாசிச்சவரோ? பேப்பர்காரர் ஒரு பக்கத்த ஒரு வரியாக்கிற ஆக்களெல்லோ.” நீர் ஒரு சொல்லும் கூட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர். நம்புகிறேன். ஆனாலும் அந்தப் பக்கத்தை ஒருமுறை பாரும்.

எமிலியானுஸ்

---

கொழும்பு 13
17.2.1972

அத்தானுக்கு,

நேற்றுப் புதன்கிழமை மாலை ஐந்தரைக்குக் கராஜில் காரின் கையுறைப் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். பக்கம் 58, மேலிருந்து மூன்றாவது பந்தி. முழுவதையும் தமிழில் தருகிறேன், எதையும் விடாமல்:

“கார் சமதளத்தில், நான்கு சக்கரங்களிலும் ஒரே மட்டமாக நிற்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே, துளையால் வழியும் மட்டும் ஊற்றவும்.”

அன்றைக்கு நான் உங்களுக்குச் சொன்னது இதன் பின்பாதி. முன்பாதியை என் கண் கண்டது. கண்டு, வேண்டாத சொல் என்று விட்டது. நீண்ட வாக்கியம் வந்தால் எது தேவை என்று பார்த்து மிச்சத்தை வெட்டுவதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. அப்படி வெட்டிய வரியைத்தான் கதிரையில் இருந்தபடி உங்கள் குழிக்குள் போட்டேன். கார் அணியம் தூக்கி நிற்பதை நேரே பார்த்துக்கொண்டுதான் வாசித்தேன்.

ஒரு சொல்லும் கூட்டவில்லை என்று எழுதினேன். அது சரி. ஒன்றும் மறைத்ததில்லை என்றும் எழுதினேன். அது சரியல்ல.

இன்று காலை பாலசிங்கம் ஐயாவுக்குப் பதிவுத்தபாலில் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். எங்கள் பத்திரிகையில் பிழை வந்தால் போடுகிற மாதிரியே எழுதினேன்: முன்பு வந்தது என்ன, சரியானது என்ன, பிழை யாருடையது. “திரு. எமிலியானுஸ் தமக்கு வாசித்துக் காட்டிய அறிவுரையை அப்படியே பின்பற்றினார். அறிவுரையின் ஒரு பாதியை வாசிக்காமல் விட்டவர் கீழே ஒப்பமிட்டிருப்பவர். காரணம் தெரியாத பிழையை அவர் ஏற்கவில்லை; காரணத்தைத் தாமே அளந்து கண்டறிந்த மறுநாள் தாமாகவே வந்து சொன்னார்.” நாலு பேருக்குக் கேட்க வாசிக்கும்படியும் கேட்டிருக்கிறேன்.

ஒரு கிழமை பொறுத்திருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நியாயம். ஆனால் ஒன்று: குற்றியை உருட்டி எடுத்துவிட்டு ஒருமுறை துளைக்குள் விரல் விட்டிருந்தால் எனக்கு இரண்டு கையும் இருக்கும். புதன்கிழமை ஹமீட் நானாவின் காருக்குச் செய்ததை டிசம்பர் 31 வெள்ளிக்கிழமையே என் காருக்குச் செய்திருக்கலாம். உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எலும்பு பொருந்த இன்னும் மூன்று கிழமை என்கிறார் டொக்டர். அதுவரை அதைப் பற்றி யோசிக்கவும் போவதில்லை.

பதிவுத்தபால் சனிக்கிழமைக்குள் வரும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். உறுதியாகச் சொல்லவில்லை. ஆகவே நான் சனிக்கிழமை மாலைத் தலைமன்னார் ரயிலில் புத்தகத்தோடு ஏறுகிறேன். ஞாயிறு காலை மன்னாரில் இறங்குவேன். நிலையத்துக்கு வர வேண்டாம். அக்கா சமைக்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். கூட்டம் பத்தரைக்கு. முடிவு நண்பகலுக்குள் தெரியும் என்று நேற்றுத் தொலைபேசியில் பாலசிங்கம் ஐயா சொன்னார். எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார்.

பத்து மணிக்குச் சங்கக் கந்தோர் வாசலில் நிற்பேன். உள்ளே விட்டால் பக்கம் 58ஐ முதல் சொல்லில் இருந்து வாசிப்பேன். உட்கார்ந்துகொண்டு அல்ல.

வலைப்பெட்டியை ஞாயிறு மத்தியானம் வரைக்கும் வள்ளத்தில் ஏற்றாமல் அப்படியே வெயிலில் விட்டுவையுங்கோ.

கிறகரி